ஹெரால்டின் பின்சக்கரங்கள்

கேத்தி இறக்கத்தில் கார் வழுக்கியதை நான் வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவ்வளவு சின்ன விஷயம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வளைவில் காரின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு ஒரு முழம் நகர்ந்து, சாலையோரச் சுவரில் உரசி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. அதை மறைக்க வழியில்லை.

என் கணவர் ஹரிதாஸ் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பது அவருக்கு அப்போதே வழக்கமாகியிருந்தது.

"எந்த கியர்ல வந்தே?"

"செகண்ட்ல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்ல இடம் கொடுக்காமல் போகிறவரிடம் என்ன செய்வது? அன்று இரவு சாப்பிடும்போது அவர் ரசத்தைப் பற்றிப் பேசினார், நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

அது 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து அவர் வாங்கி அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் காரும் அவரும் மட்டும்தான். கழுவக்கூட யாரையும் விடமாட்டார். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே கண்ணில் பிரஷர் என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. இனி ஓட்டக்கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போய்க் காரின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். எட்டு மாதம் அது மூடியே கிடந்தது.

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது என்று நாலைந்து பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கிய ஒரு நாளில், யாரிடமும் சொல்லாமல் குன்னூரில் டிரைவிங் பழகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது. லைசென்ஸ் வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார். பிறகு போய்த் தார்ப்பாயை எடுத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார்.

"கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டாத." அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் ஒருநாளும் என்னோடு காரில் ஏறி உட்கார்ந்ததில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவர் வரமாட்டேன் என்றால், அதற்குப் பிறகு என்னால் அந்தக் காரை எடுக்க முடியாது என்று தோன்றியது.

அந்தக் கார் எனக்கு என்னவாக ஆகிவிட்டது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவேன். எல்லநள்ளியில் திரும்பிக் கேத்திப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது, கட்டம் கட்டமாகக் கேரட்டும் முட்டைக்கோசும் கீழே விரியும். அந்த இருபத்தைந்து நிமிடம் என்னை யாரும் கூப்பிட முடியாது. சிஸ்டர் என்றும் இல்லை, மருதா என்றும் இல்லை, அம்மா என்றும் இல்லை. நாற்பது வருடம் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடியவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது கிடைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதனால் அது போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்தது.

வழுக்கிய நாளுக்கு ஒரு வாரம் கழித்து, கோயமுத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவர் அதைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தட்டையான இரண்டு அலுமினிய வளையங்கள், நாலு நாலு ஓட்டைகளோடு. கூடவே எட்டு ஸ்டட், சக்கரத்தைத் தாங்குகிற தலை வைத்த மரையாணிகள்.

"இது என்னங்க?"

"ஸ்பேசர். பின்சக்கரத்துக்கும் அது மாட்டுற ஹப்புக்கும் நடுவுல வைக்கறது. ரெண்டு சக்கரமும் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். வண்டி காலை அகட்டி வச்சு நின்னா வளைவுல வழுக்காது."

"ஸ்டட் எதுக்கு? ஏற்கெனவே இருக்குதே."

"ஸ்பேசர் முக்கால் இஞ்சு கனம். பழைய ஸ்டட் அதுலயே முடிஞ்சு போயிரும், நட்டு புடிக்க மரை இருக்காது. நீளமா வேணும்."

அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. அவர் சொல்லாத ஒன்றும் புரிந்த மாதிரி இருந்தது. பதினைந்து வருடம் இவர் ஓட்டியபோது ஸ்பேசர் தேவைப்படவில்லை. நான் ஓட்டும்போதுதான் வண்டி காலை அகட்ட வேண்டியிருக்கிறது. என் கையில் நம்பிக்கை இல்லாததால்தான் இந்த வளையங்கள். அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஹப்பைக் கழற்றுகிற புல்லரைக் கொண்டுவந்து கொடுத்த மெக்கானிக் ஆறுக்குட்டி, தானே மாட்டித் தருவதாகச் சொன்னான்.

"நீ சுத்தியலத் தூக்குனா கல்யாண மேளம் கேட்கும். அத இங்க வச்சுட்டுப் போ" என்றார் இவர்.

"அண்ணனுக்குச் சத்தமே ஆகாதுங்க அக்கா. இவரு மாட்டுற வண்டியெல்லாம் பூப்போட்ட மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மூன்று நாள் ஷெட்டிலேயே இருந்தார். சமையலறையிலிருந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரியும். நான் காபி கொண்டுபோய் வைப்பேன். அது ஆறிப்போயிருக்கும். நான்காம் நாள் காலையில் "எடுத்துட்டுப் போ" என்றார்.

முதல் வாரம் கார் நன்றாகவே ஓடியது. மழையிலும் பின்பக்கம் அசையவில்லை. நன்றாக ஓடியதே எனக்கு ஒரு குத்தலாக இருந்தது. இரண்டாவது வாரம் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது டிக், டிக் என்று. வேகம் எடுத்தால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம்.

நான் என்ன தப்புச் செய்கிறேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவே இல்லை. கியரைச் சரியாகப் போடவில்லையோ, கிளட்ச்சை அரைகுறையாக விடுகிறேனோ? ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு விதமாக ஓட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் ஏறினால் ஆயிரம் காரணம் தேடியிருப்பேன். இதில் மட்டும் காரணம் நானேதான் என்று ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அனுபவிக்கிறேன் என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் தார்ப்பாயைத் தேடுவார். சாயங்காலம் ஷெட்டில் விட்டவுடன் அவர் வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவேன். கார் வருவது அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று, வீட்டுக்கு மேல் இருக்கும் திருப்பத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருவேன். இப்படி ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் மெட்டில்டா டீச்சரிடம் உளறிவிட்டேன். கேத்தியில் தனியாக இருந்தார். சர்க்கரையால் காலில் ஆறாத புண். நான் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஏதாவது வம்பு பேசிக்கொண்டிருப்பார்.

"என்ன மருதாம்பாள், இன்னிக்கு உன் கவனம் எங்கே? கால் என்னோடதாக்கும்."

"கார்ல ஏதோ சத்தம் டீச்சர். நான் சரியா ஓட்டலையோ என்னமோ."

"ஹரிதாஸ்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"எனக்கு வலிச்சா நான் உங்கிட்ட சொல்றேன். கார்க்காரன்கிட்ட சொல்லாம, கால் வீங்கிப்போன கெழவிகிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

"சொன்னா ஓட்ட வேண்டாம்பாரு."

"அப்படிச் சொல்லியிருக்காரா?"

"சொல்லலை."

"பின்னே நீயே அவருக்காகச் சொல்லிக்கறியா? நல்லாருக்கு. பஞ்சை இறுக்காதே, வலிக்குது."

திரும்பி வரும்போது, ஓடையோரம் கேரட் கழுவுகிற இடத்தருகே ஏற்றத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஏனுங்க அம்மா, நிறுத்துங்க. பின்னாடி சக்கரம் ஆடுதுங்க."

இறங்கிப் பார்த்தேன். லிங்கசாமி என்று பேர் சொன்னார் அவர். குந்தி உட்கார்ந்து இடதுபக்கச் சக்கரத்தின் நட்டில் கை வைத்தார். ஸ்பேனர் எடுக்கவில்லை. வெறும் விரலாலேயே அந்த நட்டு சுழன்றது. அதற்கு அடுத்த நட்டும் சுழன்றது.

"சாமி புண்ணியத்துல இந்த ஏத்தத்துல பாத்தேனுங்க. எறக்கத்துல கழண்டிருந்தா சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்." லாரியிலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்து எட்டையும் இறுக்கினார். பிறகு டயருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "ஸ்பேசர் போட்டிருக்கீங்களா? ஸ்டட்டும் புதுசு. இத யாருங்க மாட்டுனது?"

"ஏன் கேட்கறீங்க?"

"ஸ்டட்ட ஹப்புக்குப் பின்னாலருந்து அடிச்சு ஏத்தணுமுங்க, தலை போய் அப்படியே ஒட்டி உக்காரணும். இது முழுசா உக்காராம மயிரிழை வெளிய நின்னிருக்கு. ஓட ஓட உள்ள போகுமுங்க. அது உள்ள போச்சுன்னா நட்டு லூசாயிரும். இப்ப நான் இறுக்கியிருக்கறது ஊடு போய்ச் சேர்றதுக்குத்தான். மாட்டுன ஆளு ஒரு அடி பலமாப் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

"ஓட்டறதுல ஏதாவது தப்பு இருந்தா இப்படி ஆகுமா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஓட்டறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை. சாகக் கிடந்தவள் உயிர் பிழைத்ததற்காகச் சந்தோஷப்படவில்லை. நான் இல்லை, தப்பு நான் இல்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்டேன். எல்லநள்ளி வந்து சேர்வதற்குள் அந்தச் சந்தோஷம் கசந்துவிட்டது. தப்பு நான் இல்லையென்றால் அது அவர். பார்வை போன பிறகு அவர் தன் கையால் செய்த ஒரே வேலை அது.

சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். சக்கரம் கழன்றது என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தால், கார் மறுபடி மூடப்படும். இந்த முறை அவர் தன்னைத் தண்டித்துக்கொள்ள மூடுவார். அப்போதும் காரை இழப்பது நான்தான். அதனால் நேரே ஆறுக்குட்டியிடம் விட்டு ரகசியமாகச் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவர் மரியாதையும் நிற்கும், என் இருபத்தைந்து நிமிடமும் நிற்கும். ஒர்க்ஷாப் சனிக்கிழமை மதியத்தோடு மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

ஷெட் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் வீல் ஸ்பேனர்.

"கதவச் சாத்தாத" என்றார். "நட்ட ஒருதரம் பாக்கணும். புதுசா மாட்டுனா கொஞ்ச தூரம் ஓடுனதும் பாக்கணும். பாக்காம விட்டுட்டேன்."

"ஏன் பாக்கல?"

"நீ வந்ததும் சாத்திர்ற. நான் ஸ்பேனரத் தூக்கிட்டு வந்தா, உன் ஓட்டத்த நம்பாம வந்து பாக்கறான்னு நெனப்பே."

பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை.

"கழண்டிருச்சுங்க" என்றேன். "கேரட் கழுவற எடத்துல ஒரு லாரிக்காரரு பாத்து இறுக்குனாரு. விரல்லயே சுத்துச்சு. ஒன்பது நாளா சத்தம் வந்துது. நான் சொல்லல. என் ஓட்டத்துலதான் குத்தம்னு நெனச்சேன். சொன்னா நீங்க வண்டிய மூடிருவீங்கன்னு பயம்."

அவர் அங்கிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஸ்டட் முழுசா உக்காரலன்னு மாட்டும்போதே விரலுக்குத் தெரிஞ்சுது. நட்டப் போட்டு இழுத்துப் பார்த்தேன், கை பலம் போன வரைக்கும். மிச்சத்துக்கு ஒரு அடி போடணும். பித்தளச் சுத்தியல்ல தட்டிப் பார்த்தேன். அது பத்தாது. இரும்புல அடிக்கணும்." வலது கையை விரித்தார். "கையத் தூக்குனேன் மருதா. பாதியில நின்னு போச்சு."

"ஏன்?"

"முப்பத்தோரு வருசம். இரும்பு மேல இரும்பு படக்கூடாது. ஒரு பொறி போதும். பித்தளையும் மரமும்தான் கையில தொடலாம். ஒரு டப்பா மூடியக்கூட மெதுவாத்தான் வைக்கணும். வீட்டுல நான் ஆணி அடிச்சு நீ பாத்திருக்கியா?"

யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து காலண்டருக்கு ஆணி அடித்தது நான்தான். அவருக்குச் சோம்பல் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க என்ன இருக்குது, ஒரு காரும் பெயிண்ட் டப்பாவும். புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரியல. சரி, இவ்வளவு உக்காந்தாப் போதும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். கண்ணு நல்லா இருந்திருந்தா இடைவெளியப் பாத்து பயந்திருப்பேன். தெரியாததால தெரியலைன்னு வச்சுக்கிட்டேன்." அவர் குரல் இறங்கிப்போனது. "ஆறுக்குட்டிகிட்ட வண்டிய விட்டுரு. இல்லாட்டி வித்துரலாம். நான் தொட்ட வண்டியில நீ போக வேண்டாம்."

நான் பயந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் அது வந்த வழி நான் நினைத்த வழி இல்லை. என்னை நம்பாமல் அவர் ஸ்பேசர் போட்டார் என்று நான் ஊமையாகக் கோபப்பட்டிருந்த நாளெல்லாம், இவர் தன் கையை நம்பாமல், நட்டைப் பார்க்க வரவும் முடியாமல் வீட்டுக்குள் இருந்திருக்கிறார். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றிவிட இருந்தோம்.

"விக்கறதெல்லாம் அப்புறம்" என்றேன். "ஸ்டட்ட நான் அடிக்கறேன்."

"நீயா?"

"ஆணி அடிச்ச கைதானே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுக்குட்டி வீட்டுக்குப் போய்ப் புல்லரும் இரண்டு பவுண்டு சுத்தியலும் கேட்டேன்.

"இரும்புச் சுத்தியலா? அண்ணன் கேட்டாரா? நம்பறாப்புல இல்லீங்களே அக்கா."

"நான் கேட்டேன்."

அவன் இரண்டையும் கொடுத்தான். நானும் வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

இவர் ஹப்பைக் கழற்றித் தந்தார். அந்த வேலையில் அவர் கை தடுமாறவில்லை. ஒரு கனமான இரும்புக் குழாய்த் துண்டைத் துவைக்கிற கல்லின்மேல் நிறுத்தி, அதன்மேல் ஹப்பைக் கவிழ்த்து வைத்தார். ஸ்டட் குழாய்க்குள் இறங்கியது. அதன் தலை மட்டும் மேலே நின்றது.

"நான் உள்ள போயிரட்டுமா?"

"போங்க."

போகவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

முதல் அடி தவறிக் குழாயின் விளிம்பில் பட்டது. சத்தம் மலைமுழுக்கப் போன மாதிரி இருந்தது. அவர் உடம்பு குலுங்கியதை நான் பார்த்தேன். சுத்தியலைக் கீழே வைக்கப் போனேன்.

"வைக்காத" என்றார். "அவ்வளவு கிட்டப் புடிக்காத. காம்போட கடைசில புடி. தோள்லருந்து விடு, மணிக்கட்டுலருந்து இல்ல."

அவரால் செய்ய முடியாததை அவர் எனக்குச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடி நேராக விழுந்தது. மூன்றாவதும். அவர் அருகே வந்து, தாடி மழிக்கிற பிளேடு ஒன்றை ஸ்டட்டின் தலைக்கு அடியில் விட்டுப் பார்த்தார்.

"போகுது. இன்னும் ரெண்டு."

அடித்தேன்.

"முனை மட்டும் போகுது. இன்னொண்ணு."

அடித்தேன். பிளேடை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். "உக்காந்துருச்சு."

எட்டு ஸ்டட். ஒவ்வொரு அடிக்கும் அவர் அதிர்ந்தார். எட்டாவது வரைக்கும் அது குறையவே இல்லை. நான் குறையும் என்று எதிர்பார்த்தேன், அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பிளேடோடு வந்து குனிந்தார். என் தோள் எரிந்தது. காய்ச்சலில் கிடப்பவர்களை எத்தனை ராத்திரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், இவர் முப்பது வருடமாகத் தன் கைக்குள் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

சக்கரங்களை மாட்டி நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். அதை நான் செய்யவா என்று கேட்டதற்கு, "அதுவும் நீயே செஞ்சா நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

"இனி என்ன?"

"பத்து மைல் ஓட்டிட்டு மறுபடி பாக்கணும்." முன்கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "எடு."

முழங்கால் இடிக்கிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளினார். பதினைந்து வருடத்தில் அந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார்.

எல்லநள்ளி தாண்டியதும், "ரெண்டு ஓரமும் எனக்குத் தெரியாது. நீயே பாத்துக்க" என்றார்.

"அதத்தானே பண்ணிட்டு வர்றேன்."

"செகண்ட் போடு."

"போட்டாச்சு."

"எப்போ?"

"நீங்க பேசிக்கிட்டிருக்கும்போது."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, வளைவு வந்துவிட்டது. பின்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. சத்தம் இல்லை.

பள்ளத்தாக்கில் ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, குந்தி உட்கார்ந்து, எட்டு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஏழு அசையவில்லை. வலதுபக்கத்தில் ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தது. அதை இறுக்கிவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு டீச்சரம்மா ஊட்டுக்கு வர்றியல்ல?"

"வரணும். கட்டு மாத்தணும்."

"அங்க நிறுத்துனதும் இத ஒருதரம் போட்டுப் பாரு. நகர்ந்தா எவ்வளவு நகர்ந்துச்சுன்னு வந்து சொல்லு. நகரலன்னாலும் சொல்லு."

ஸ்பேனரை ஒரு பழந்துணியில் துடைத்து, என் சீட்டுக்கு அடியில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய்த் தன் பக்கத்துக் கதவைத் தடவித் திறந்தார்.